மழைக்கு ஒழுகாத போட்: பூவாறு பழைய கேபின் படகைத் தங்குற மாதிரி ஆக்கின வேலை

இந்த வருஷம் இடவப்பாதி மழை, அதான் தென்மேற்குப் பருவமழை, மொத்தமும் போட்டுக்குள்ள மேல இருந்து ஒரு சொட்டு விழல. மெத்தை காஞ்சு கெடந்தது, வயர் முனையில பச்சை பிடிக்கல, அதனாலதான் இப்ப எழுத உக்காந்தேன். பாக்குற ஆளுங்க எல்லாரும் எஞ்சினப் பத்தியும் சோலாரப் பத்தியும்தான் கேக்குறாங்க. ஆனா நம்ம பக்கத்து மழையில ஒரு பழைய படகுல ராத்திரி படுக்கணும்னா டெக்கும் (மேல்தளம்) ஜன்னலும்தான் பெரிய வேலை, அது முடியாம உள்ள ஒரு ஆணி அடிச்சாலும் அது திரும்பக் கழட்ட வேண்டிய ஆணி.

போட் 27 அடி நீளம், 8 அடி அகலம், பைபர் பாடி, ரெண்டு சிலிண்டர் இன்போர்ட் டீசல் எஞ்சின். கேரளா பக்கம் பூவாறுல டூரிஸ்ட் ஓட்டம் ஓடிட்டு பிறகு ஆத்தங்கரையில தென்னைக்கு அடியில வருஷக்கணக்கா ஏத்தி வச்சிருந்தது. எஞ்சினோட சேத்து 2,10,000 ரூபா. நமக்கு வீடு குமரி மாவட்டத்துக் கொல்லங்கோடு, பைக்ல கொஞ்ச நேரம்தான். பூவாறுல இருந்து எங்க ஊரு வழியா குளச்சல் பக்கம் போற ஏ.வி.எம். கால்வாய், அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய்னு 1860கள்ல வெட்டினது, அது தண்ணியோட கெடந்திருந்தா போட்ட வீட்டுப் பக்கத்துலயே கொண்டு வந்து கட்டியிருப்பேன். இப்ப மண்ணும் ஆகாயத்தாமரையுமா கெடக்கு, பாக்கவே சங்கடமா இருக்கு. அதனால வேலை எல்லாம் பூவாறு கரையிலயே.

மொதல்ல ஒரு சின்ன பிளாஸ்டிக் சுத்தி எடுத்து மூக்குல இருந்து பின்பக்கம் வரை தட்டிப் பாத்தோம், நானும் மச்சானும். நல்ல இடம் டங்குனு கேக்கும், செத்த இடம் பொத்துனு கேக்கும். செத்த இடத்தை எல்லாம் மார்க்கர் வச்சு வட்டம் போட்டுக்கிட்டே போனோம். அடிப்பாகம் பரவாயில்ல, தண்ணிக் கோட்டுக்குக் கீழ சின்னச் சின்னக் கொப்புளம்தான். டெக்குதான் மோசம், மூணுல ஒரு பங்கு வட்டத்துக்குள்ள வந்துட்டு. இந்த மாதிரி டெக் மேல ஒரு பைபர் தோல், நடுவுல 12 மில்லி பிளைவுட், அடியில இன்னொரு பைபர் தோல்னு இருக்கும். கைப்பிடி கம்பி, கயிறு கட்டுற கிளீட், இதோட போல்ட் ஓட்டை வழியா தண்ணி உள்ள எறங்கி பிளைவுட்டு வெளிய தெரியாமலே அழுகிரும். மேல பெயிண்ட் பளபளன்னுதான் இருக்கும்.

நாங்க ஆரம்பிச்சது ஜூன் மாசம். அப்பதான் தடைக்காலம், கடலுக்குப் போகாத நேரம் பைபர் மேஸ்திரி சும்மா இருப்பாருன்னு கணக்குப் போட்டோம், உண்மையில நேர் எதிரு. குமரி மேற்குக் கரையில ஜூன் 1லேருந்து ஜூலை 31 வரை தடை, கேரளாவுல ட்ராலிங் தடை ஜூன் 9 ராத்திரியிலேருந்து 52 நாள், அந்த ரெண்டு மாசம்தான் கரையில ஏத்தின அத்தனை போட்டுக்கும் வேலை நடக்கும். நீரோடியிலேருந்து தூத்தூர் வரை கேட்டும் ஒரு ஆளு கெடைக்கல. செரி நாமளே பண்ணிரலாம்னு தார்ப்பாய் கட்டி, அழுகினத வெட்டி எடுத்துட்டு, புது பிளைவுட்டு வச்சு சாதா பாலியஸ்டர் ரெசின், அதாவது பைபர ஒட்டுற பிசின், 450 கிராம் மேட்ங்கிற கண்ணாடி இழை விரிப்பு, ரெண்டும் வச்சு ஒட்டிட்டோம். காயவும் செஞ்சது, பாக்க அழகாவும் இருந்தது. அதுக்கு மேல நம்பி உள்ள சீலிங் பலகை, லைட் வயர் எல்லாம் போட ஆரம்பிச்சாச்சு.

ஆகஸ்ட்ல மேஸ்திரி வந்தாரு. அறுபது வயசுக்கு மேல இருக்கும், கை முழுக்க பழைய ரெசின் கறை. ஒண்ணும் பேசல, குந்தி உக்காந்து விரல் முட்டியால தட்டினாரு, ஸ்க்ரூ டிரைவர ஒரு ஓரத்துல குத்தி நெம்பினாரு, ஒரு முழத்துக்கு அப்படியே தோல் உரிஞ்சு வந்துட்டு. அடியில பிளைவுட்டு ஈரமா இருந்தது. "மக்கா, நனஞ்ச பலகையில ரெசின் நிக்காது கேட்டியா. இப்ப எல்லாத்தையும் தொறந்து போடு, காத்து படட்டு. தை மாசம் நான் வாறேன்." மழை நின்னா போதாதா அண்ணான்னு கேட்டேன். "துலா மழை பொறத்தால வருதே"ன்னாரு, ஐப்பசியில வர்ற வடகிழக்கு மழையச் சொன்னாரு. அந்த மொத ஒட்டுக்கு ரெசின், மேட், பலகைன்னு போனது 22,000 ரூபா.

தை வரைக்கும் டெக்கத் தொறந்து போட்டுட்டு எஞ்சின் பக்கம் வந்தோம். டீசல் டேங்கத் தொறந்தா அடியில தண்ணியும் கறுப்பா வழுவழுன்னு ஒரு படிவும். டேங்க வெளிய எடுத்துக் கழுவி, பில்டருக்கு முன்னால தண்ணி பிரிக்கிற கண்ணாடிக் கிண்ணம் ஒண்ணு வச்சாச்சு, அது வச்சதுல இருந்து ஓட்டத்துக்கு முன்னால தெனம் ஒரு தடவ கண்ணால பாத்துட்டு கீழ உள்ள திருகத் தொறந்து விட்டா போதும். கூலிங் தண்ணி பம்புல இம்பெல்லர் ரப்பர் இறக்கை ரெண்டு ஒடஞ்சு காணல. புதுசு போட்டதோட விடாம, ஒடஞ்ச துண்டு எங்க போச்சுன்னு குழாயைக் கழட்டித் தேடணும், எங்களுக்கு எக்ஸாஸ்ட் எல்போ, அதான் புகைக்குழாய் வளைவு, அதோட வாயில மாட்டிக் கெடந்தது. அதை விட்டிருந்தா புது இம்பெல்லரும் சூடாகிப் போயிருக்கும்.

எஞ்சின்ல இருந்து புரொப்பல்லருக்குப் போற ஷாப்ட் 32 மில்லி. ஷாப்ட் பாடிய விட்டு வெளிய போற இடத்துல தண்ணி ஏறாம அடைக்கிற கிளாண்ட்ல பழைய கயிறு கல்லு மாதிரி இறுகிப் போயிருந்தது, கார்க் திருகி மாதிரி ஒரு கொக்கி இருக்கு, அதை வச்சுத்தான் நோண்டி எடுக்க முடியும், ஸ்க்ரூ டிரைவர் வச்சுக் குத்தினா ஷாப்ட்ல கோடு விழுந்துரும். புதுக் கிராபைட் கிளாண்ட் கயிறு 8 மில்லி, மூணு வளையம். ஷாப்ட் மேலயே சுத்தி சாய்வா வெட்டி, ஒவ்வொரு வளையத்தோட ஜாயின்ட்டும் ஒரே நேர்ல வராம மாத்தி மாத்தி வைக்கணும். நட்ட இறுக்கி மொத்தமா சொட்டு நிறுத்தக் கூடாது. எஞ்சின் ஓடுறப்ப நிமிஷத்துக்கு ரெண்டு மூணு சொட்டு வரணும், நின்னா நிக்கணும், கை வச்சா வெதுவெதுப்புக்கு மேல போகக் கூடாது.

எஞ்சினையும் ஷாப்டையும் நேர் பிடிக்கிறத மட்டும் கரையில வச்சு முடிச்சிராதீங்க. கரையில கட்டை மேல உக்காந்திருக்குற பாடி ஒரு வடிவம், தண்ணியில மெதக்குற பாடி வேற வடிவம். கரையில சும்மா சுமாரா வச்சிட்டு, எறக்கி ரெண்டு நாள் மெதக்க விட்டு, ரெண்டையும் சேக்குற கப்ளிங்கோட ரெண்டு முகத்துக்கும் நடுவுல, இடுக்கு அளக்குற தகடான பீலர் கேஜ் விட்டு நாலு பக்கமும் பாத்தோம். கப்ளிங் விட்டம் 4 இன்ச்சுன்னா வித்தியாசம் 0.1 மில்லிக்குள்ள நிக்கணும். எங்களுக்கு கரையில சரியா இருந்தது தண்ணியில 0.35 காட்டிச்சு. எஞ்சின் காலு நட்ட பைய பைய திருகி 0.08க்குக் கொண்டு வர ஒரு பகல் முழுசும் போச்சு. அதுக்குப் பிறகு கேபின்ல உக்காந்தா கண்ணாடி டம்ளர் நடுங்குறது நின்னுட்டு.

தை பிறந்து மழை விட்டு காத்து மாறினதும் மேஸ்திரி சொன்ன மாதிரியே வந்தாரு. இந்த தடவ மொத வேலை கொட்டகை. கம்பி நட்டு, தகரம் போட்டு, நாலு பக்கமும் காத்து போற மாதிரி விட்டு, மேல உள்ள தேங்காயை எல்லாம் ஆள் வச்சு பறிச்சாச்சு. கொட்டகைக்கு மட்டும் 14,000. அந்தக் காசு வீண்னு வீட்டுல சத்தம் கேட்டது, ஆனா அதுல ஒரு ரூபா கூட வீண் இல்ல.

ஈரம் பாக்க மேஸ்திரி காட்டின வழி ரொம்ப எளிசு. ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் பேப்பர வெட்டி டெக் மேல வச்சு நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி ராத்திரி விட்ரணும். காலையில பேப்பருக்கு அடியில வேர்த்திருந்தா உள்ள ஈரம் இருக்கு, ஒட்டக் கூடாது. எங்களுக்கு மூக்குப் பக்கம் மட்டும் ரொம்ப நாள் வேர்த்துக்கிட்டே இருந்தது, அங்க இன்னும் கொஞ்சம் வெட்டிப் பாத்தா நல்லதுன்னு விட்டு வச்ச பலகைக்குள்ளயும் கறுப்பு ஓடியிருக்கு. சட்டுனு உலர்ற மாதிரி பேன் வச்சோம், ஹாலஜன் லைட் வச்சோம், கடைசில வெயிலும் காத்தும்தான் வேலை செஞ்சது.

வெட்டுறதுக்கு 4 இன்ச் கிரைண்டர். மேல் தோலை மட்டும் வெட்டி, ஓரத்துல ரெண்டு இன்ச் விளிம்பு விட்டு எடுத்தோம், பிறகு ஒட்டுறப்ப பழைய தோலும் புதுத் துணியும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறணும். அந்த விளிம்பை சாய்வாத் தேய்க்கணும், தோல் ஒரு மில்லி கனம்னா சாய்வு 12 மில்லி. 3 மில்லி தோலுக்கு 36 மில்லி. இதைச் சுருக்கினா ஒட்டு ஓரத்துல வெடிக்கும். பைபர் தூசிக்கு நல்ல மாஸ்க், முழுக்கை சட்டை, வேலை முடிஞ்சதும் பச்சைத் தண்ணியில குளி. சுடுதண்ணி பட்டா தூசி தோலுக்குள்ள எறங்கும்னு மேஸ்திரி சொன்னாரு, ஒரு நாள் கேக்காம குளிச்சு ராத்திரி பூரா சொறிஞ்சேன்.

பலகை 12 மில்லி 710 பிளைவுட்டு, கடையில மெரைன் பிளை 710ன்னு கேட்டா தருவாங்க, முத்திரையப் பாத்து வாங்கணும். இந்த தடவ பாலியஸ்டர் வேண்டாம், எபாக்ஸின்னு முடிவு. பாலியஸ்டர் கிலோ 200 சொச்சம், எபாக்ஸி எங்களுக்கு இறுக வைக்கிற ஹார்ட்னரோட கிலோ 850 வந்தது, நாலு மடங்கு. ஆனா மரத்துல பிடிக்கிற பிடி ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. எபாக்ஸிக்கு சாதா மேட் சரிப்படாது, மேட்டக் கட்டி வச்சிருக்குற பசை பாலியஸ்டர்ல உள்ள ஸ்டைரீன்ல கரையுற வகை, எபாக்ஸியில கரையாம வெள்ளை வெள்ளையா வெறச்சு நிக்கும். அதனால நெய்த துணிதான் வாங்கினோம். பலகையோட அடி, ஓரம், மேல் எல்லா முகத்துக்கும் மொதல்ல வெறும் எபாக்ஸி ஒரு கோட் குடிக்க விட்டு, அது ஒட்டுற பக்குவத்துல இருக்கும்போதே பொடி கலந்து கெட்டியாக்கின எபாக்ஸிய பல் கரண்டி வச்சு இழுத்து, மேல பலகைய அமுக்கி, மண் மூட்டை அடுக்கினோம். பலகையில அங்கங்க 5 மில்லி ஓட்டை போட்டிருந்தோம், அதுவழியா பசை பிதுங்கி வந்தா அடியில காத்து இல்லன்னு அர்த்தம்.

பாலியஸ்டர் வேலை பண்றவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன், ஹார்ட்னரும், இறுகுறத வேகமாக்குற கோபால்டும் தனித்தனியா வர்ற ரெசின்னா ரெண்டையும் நேருக்கு நேர் ஒரு டப்பாவுல சேக்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட ரெசின்ல முழுசாக் கலக்கின பிறகுதான் ஹார்ட்னர். ரெண்டு பாட்டிலும் ஒரே அலமாரியில கூட வைக்காதீங்க.

போல்ட் ஓட்டைதான் எல்லாத்துக்கும் மூலம், அதனால ஒவ்வொரு ஓட்டையும் இப்படி: 8 மில்லி போல்ட்டுக்கு 16 மில்லி ஓட்டை போட்டு, அடியில டேப் ஒட்டி, கெட்டி எபாக்ஸி ஊத்தி நெரப்பி, காஞ்ச பிறகு அதுக்கு நடுவுல 8 மில்லி ஓட்டை. இப்ப போல்ட் சுத்தி ரப்பர் போனாலும் தண்ணிக்கு மரத்தைத் தொட வழி இல்ல. எழுபது எண்பது ஓட்டை இருக்கும், சலிப்பான வேலைதான், ஆனா இந்தப் போட் இனி அழுகாம நிக்குறது இந்த ஓட்டைகளாலதான்.

ஜன்னல் ஆறு. பழசுல சிலிகான் அப்பி வச்சிருந்தாங்க, சிலிகான் பட்ட இடத்துல பிறகு எதுவுமே ஒட்டாது, தேய்ச்சு எடுக்கத்தான் நேரம் போச்சு. புது 6 மில்லி அக்ரிலிக், பியூட்டைல் டேப், ரப்பர் பசை மாதிரி ஒரு பட்டை, அதை வச்சு பிரேம் இறுக்கினோம், டேப் பைய பைய பிதுங்கும், ஒரே நாள்ல இறுக்காம அடுத்த ரெண்டு நாளும் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும். பிறகு தண்ணி டெஸ்ட். மச்சான் வெளிய ஹோஸ் பிடிக்க நான் உள்ள டார்ச்சோட. கீழ இருந்து மேலதான் போகணும், ஒரு ஜன்னலுக்குப் பத்து நிமிஷம், ஒண்ணு முடிஞ்சுதான் அடுத்தது. மேல இருந்து ஊத்தினா எது ஒழுகுதுன்னு தெரியாது, தண்ணி ஒரு இடத்துல நுழைஞ்சு ரெண்டு முழம் தள்ளி வேற இடத்துல சொட்டும். உள்சுவர்ல டால்கம் பவுடர் தூவி விட்டா ஓடின தடம் கோடாத் தெரியும், அப்படித்தான் ஒரு ஜன்னல் ஒழுகுதுன்னு நெனச்சது உண்மையில மேல உள்ள கைப்பிடிக் கம்பியோட காலுன்னு கண்டு பிடிச்சோம்.

இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் வயரு. ஜூன்ல போட்டத அவ்வளவும் உருவி எடுத்தாச்சு, வீட்டு வயரிங் செம்புக் கம்பி, உறைக்குள்ள ஒரு சாண் தூரத்துக்குப் பச்சை ஏறியிருந்தது. இப்ப ஈயம் பூசின மெரைன் வயரு, கொச்சியில இருந்து வரவழைச்சோம். 12 வோல்ட்ல கனம் ரொம்ப முக்கியம். மொதல்ல 1.5 ஸ்கொயர் (சதுர மில்லி) வயரு போட்டு முன்பக்கம் ரெண்டு பேன், தண்ணி பம்பு ஓட விட்டா பேட்டரில 12.9, பேன் கிட்ட 11.7. 6 ஸ்கொயர் இழுத்ததும் 12.6 வந்துட்டு, பேன் சத்தமே மாறிப் போச்சு. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 100 ஏ.ஹெச். ரெண்டு, 180 வாட் பேனல் ரெண்டு, 30 ஆம்ப் எம்.பி.பி.டி. சோலார் சார்ஜ் கன்ட்ரோலர். எஞ்சின் ஸ்டார்ட் பண்ண தனி லெட் ஆசிட் பேட்டரி. ஆல்டர்னேட்டர்ல இருந்து லித்தியத்துக்கு நேரா வயரு கொடுக்காதீங்க, அது கேக்குற கரண்டுக்கு ஆல்டர்னேட்டர் சூடாகி எரியும், நடுவுல 20 ஆம்ப் டி.சி. டு டி.சி. சார்ஜர் வேணும். பேட்டரி பக்கத்துலயே பியூஸ்.

கேஸ் சிலிண்டர் 5 கிலோ, கேபினுக்கு வெளிய தனிப் பெட்டியில. கேஸ் காத்தை விட கனம், கசிஞ்சா கீழ எறங்கி பில்ஜ்ல, அதான் போட்டோட அடிக்குழியில, தேங்கி நிக்கும், அதனால பெட்டியோட அடியில வெளிய போற ஓட்டை. டாய்லெட் தூக்கிப் போற வகை, 20 லிட்டர் டேங்க், காயல்ல, அதான் உப்பங்கழியில, ஒண்ணும் விடறதில்ல, கரையில கொண்டு போய்த்தான் ஊத்துறது. அந்தத் தண்ணியிலதான் ஜனங்க மீன் பிடிக்கிறாங்க, கக்கா (சிப்பி) வாருறாங்க. படுக்கைக்கு அடியில பலகை முழுசாப் போடாம ரெண்டு இன்ச் இடைவெளி விட்டுப் பட்டி பட்டியா அடிச்சோம், மெத்தைக்கு அடி பூஞ்சை பிடிக்காம இருக்குறது அதனாலதான்.

பூவாறுல இருந்து கொல்லத்துக்கு கால்வாயில போக முடியாது, நடுவுல வர்க்கலையில 19ஆம் நூற்றாண்டுல குன்றைக் குடைஞ்ச ரெண்டு சுரங்கம் இருக்கு, அந்த வழி அப்ப நம்ம போட்டுக்குத் தெறக்கல. கடலுக்கு ஏத்த போட்டும் இல்ல. கிரேன் வச்சுத் தூக்கி டிரெய்லர்ல கொண்டு போய் அஷ்டமுடிக் காயல்ல எறக்கினோம், ரெண்டு பக்கக் கிரேனும் டிரெய்லரும் சேத்து 45,000. அங்கிருந்து தேசிய நீர்வழி 3, அதுல கொல்லம் டு கோட்டப்புரம் 168 கிலோமீட்டர்.

சவறா, காயங்குளம் காயல், திருக்குன்னப்புழை லாக் (தண்ணி மட்டம் மாத்திப் படகை விடுற கதவு), தோட்டப்பள்ளி, ஆலப்புழைன்னு பைய போனோம். மணிக்கு 9 கிலோமீட்டர், டீசல் மணிக்கு ரெண்டரை லிட்டருக்குப் பக்கம். காயங்குளத்துல சீனவலைக்கு நடுவுல போறப்ப மழை பிடிச்சது, நங்கூரம் போட்டுட்டு ஹேட்ச், அதான் டெக்குல உள்ள மூடிய, அடைச்சு டார்ச் எடுத்து ஒவ்வொரு போல்ட்டா கை வச்சுப் பாத்தேன், அத்தனையும் காஞ்சு இருந்தது. மேஸ்திரிக்கு அங்க இருந்தே போன் பண்ணினேன். "எங்க நிக்குற, செளி எப்படி?"ன்னுதான் கேட்டாரு, செளின்னா சேறு. 7 கிலோ நங்கூரம், 5 மீட்டர் சங்கிலி, 15 மீட்டர் கயிறு, ரெண்டு மூணு மீட்டர் ஆழத்துக்கு நல்லாப் பிடிச்சது.

தொந்தரவு தந்தது எஞ்சின் கூலிங்குக்குத் தண்ணி உறிஞ்சுற வாய்தான். குட்டநாட்டுப் பக்கம் ஆகாயத்தாமரை வேரு வந்து ஸ்ட்ரெய்னர்ங்கிற வடிகட்டிய அடைக்கும், அஷ்டமுடியில கட்டிப் போட்டா சின்னக் கறுப்புச் சிப்பி குழாய்க்குள்ளயே ஒட்டி வளருது, வெளிநாட்டுல இருந்து வந்த இனம், இப்ப அந்தக் காயல் முழுசும் பரவியிருக்கு. எக்ஸாஸ்ட்ல வர்ற தண்ணி கொறஞ்சதும் எஞ்சின நிறுத்திருவேன். ஸ்ட்ரெய்னர கையால தொறக்குற இடத்துல வைக்காம படிக்கு அடியில வச்சிருக்கோம், ஒவ்வொரு தடவையும் படியைக் கழட்டணும். அதை மாத்தணும்.

கணக்கு: போட் 2,10,000, டெக்கு மொத ஒட்டும் கொட்டகையும் சேத்து 95,000, எஞ்சின் ஷாப்ட் 70,000, கரண்ட் 1,15,000, ஜன்னல் 32,000, உள்வேலை 60,000, பெயிண்ட் 40,000, கூலி 1,20,000, கிரேன் டிரெய்லர் 45,000. 7,87,000. ரெஜிஸ்ட்ரேஷன், சர்வே, இன்சூரன்ஸ் சேத்தா எட்டு லட்சத்தத் தாண்டும்.

மறுபடி ஒரு போட் எடுத்தா மாசியில வாங்க மாட்டேன், ஐப்பசியில வாங்கி மழை நிக்குறதுக்குள்ள கொட்டகை போட்டுருவேன், தை மாசி முழுசும் ஒட்டுறதுக்குக் கெடைக்கும். சோலார் பேனலையும் கூரை மேல உயரத்துல வைக்காம படுக்க வைப்பேன், கால்வாய்ல நடைபாலம் சிலது ரொம்பத் தாழ்வு, தண்ணி ஏறின நேரம் ஒரு பாலத்துக்கு அடியில நாலு விரல்கடைதான் மிச்சம் இருந்தது. இப்ப அடியில இருக்குறது ஜிங்க் அனோடு, மத்த உலோகம் அரிக்காம இருக்க தான் கரையுற கட்டி, அது கடலுக்குத்தான் சரி, காயல் உப்பு கொறஞ்ச தண்ணிக்கு அலுமினியம்தான் நல்லது. அடுத்து கரையில ஏத்துறப்ப அதை மாத்தணும், ஸ்ட்ரெய்னரையும் கைக்கெட்டுற இடத்துக்குக் கொண்டு வரணும், மேஸ்திரிகிட்ட தை மாசத்துக்கு இப்பவே சொல்லி வச்சாச்சு.